ஜான் மோசஸ் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். யூட்டா பகுதியின் ஆக்டன் என்னும் சிற்றூரில், தந்தையின் பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் கற்ற இவர் 128 காப்புரிமங்களைப் பெற்றார். வேட்டை ரைபிள், விளையாட்டு ரைபிள், கைத்துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி ஆகிய எல்லா வகைகளிலும் இவருடைய வடிவங்கள் உலகெங்கும் பரவின. சிறுவர்கள் குறி பார்த்துப் பழகும் .22 ரைபிள்கள் சிலவும், இரு உலகப் போர்களிலும் முழங்கிய இயந்திரத் துப்பாக்கிகள் சிலவும் இவர் ஒருவரின் கைவண்ணமே.

கைமாறி வந்த ஒரு பழைய ரைபிள்தான் இவரை உலகிற்கு அறிமுகப்படுத்தியது. இவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும், அமெரிக்காவின் துப்பாக்கிச் சந்தைகளில் வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் படும் பழைய .22 ரைபிள்களில் இவர் வடிவமைத்தவை குறிப்பிடத்தக்க இடம் பெறுகின்றன. தமிழ்நாட்டு வரலாற்றிலும் இவர் பெயர் இடம் பெற்றுள்ளது. 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பிரௌனிங் கைத்துப்பாக்கியே.

பிறப்பும் குடும்பமும்

ஜானின் தந்தை ஜோனதன் பிரௌனிங் (1805–1879) டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். துப்பாக்கி செய்வதைத் தாமாகவே கற்றுத் தேர்ந்தவர். பல தோட்டாக்களை ஓர் உலோகப் பட்டையில் அடுக்கி, அப்பட்டையைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுடும் ரைபிள் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்தபோது மார்மன் சமயத்தைத் தழுவிய அவர், அச்சமயத்தார் மேற்கு நோக்கிப் புலம்பெயர்ந்தபோது அவர்களுடன் சென்றார். 1852இல் யூட்டாவை அடைந்து ஆக்டனில் குடியேறினார். அவருக்கு மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் இருந்தனர்.

ஜான் 1855 சனவரியில் ஆக்டனில் பிறந்தார். தம்பி மாத்யூவும் மாற்றாந்தாய்ச் சகோதரர்கள் சிலரும் பின்னாளில் இவருடன் தொழிலில் இணைந்தனர். அக்காலத்தில் ஆக்டன் எல்லைப்புற ஊராக இருந்தது. புதிய துப்பாக்கி வாங்குவது பலருக்கு இயலாத செயல். உடைந்தவற்றையும் பழையவற்றையும் பட்டறைக்குக் கொண்டுவந்து சீர் செய்து கொள்வதே வழக்கம். ஆகவே ஜானின் முதல் பாடநூல்கள் பிறர் பயன்படுத்திக் கழித்த துப்பாக்கிகளே ஆயின. எந்தப் பகுதி முதலில் தேய்கிறது, எந்த வில் முதலில் முறிகிறது, எந்தத் திருகு தளர்கிறது என்பதை இவர் சிறுவயதிலேயே கண்டு தெளிந்தார். பின்னாளில் இவர் வடிவமைத்த கருவிகளில் உறுப்புகள் குறைவாகவும் உறுதியாகவும் அமைந்ததற்கு இப்பயிற்சி ஒரு காரணம் எனலாம்.

பத்து வயதில், பட்டறைக் குப்பையில் கிடந்த பழைய குழல் ஒன்றை மரத்துண்டில் கட்டி ஒரு துப்பாக்கி செய்து, தம்பி மாத்யூவுடன் சென்று பறவை வேட்டையாடினார் என்று குடும்பத்தினர் கூறிவந்தனர். முறையான பள்ளிப்படிப்பு இவருக்குப் பதின்ம வயதிலேயே முடிந்தது. பொறியியல் கல்வி ஏதும் இவர் பெறவில்லை.

முதல் காப்புரிமம்

1878இல், 23ஆம் வயதில், ஒரு முறைக்கு ஒரு தோட்டாவை மட்டும் இட்டுச் சுடும் ரைபிள் ஒன்றை ஜான் வடிவமைத்தார். விசைக்குக் கீழே அமைந்த நெம்புகோலைத் தாழ்த்தினால், குழலின் பின்புறத்தை அடைக்கும் கனத்த எஃகுக் கட்டி கீழிறங்கும். தோட்டாவை இட்டு நெம்புகோலை உயர்த்தினால் கட்டி மேலேறிக் குழலை இறுக மூடும். இந்த எளிய அமைப்பு மிக வலிமை வாய்ந்தது. இதற்கான விண்ணப்பம் 1879 மே மாதம் அளிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று காப்புரிமம் கிடைத்தது.

1879ஆம் ஆண்டு இவர் வாழ்வில் திருப்பமாக அமைந்தது. ஏப்ரல் மாதம் ரேச்சல் தெரசா சைல்டு என்பவரை மணந்தார். சூன் மாதம் தந்தை இறந்தார். குடும்பப் பொறுப்பு இவர் மீது விழுந்தது. சகோதரர்கள் சேர்ந்து சிறிய தொழிற்கூடம் ஒன்றைக் கட்டினர். இங்கிலாந்திலிருந்து வந்த பிராங்க் ரஷ்டன் என்னும் கைவினைஞர் இயந்திரங்களை நிறுவி இயக்க அவர்களுக்கு உதவினார். ஒரு ரைபிளின் விலை 25 டாலர். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 600 ரைபிள்களை அவர்கள் செய்து விற்றனர். ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் செய்வது ஜானுக்குச் சலிப்பூட்டியது. புதியன படைக்க நேரம் கிடைக்கவில்லை.

கைமாறிய ஒரு ரைபிள்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கனெடிகட் மாநிலத்தின் நியூ ஏவன் நகரில் வின்செஸ்டர் நிறுவனம் இயங்கி வந்தது. குறைந்த ஆற்றல் கொண்ட தோட்டாக்களுக்கான நெம்புகோல் ரைபிள்களில் அது பெயர் பெற்றிருந்தது. ஆனால் பெரிய விலங்குகளை வீழ்த்தும் வலிமையான தோட்டாக்களுக்கு ஏற்ற ஒற்றைத் தோட்டா ரைபிள் அதனிடம் இல்லை.

அந்நிறுவனத்தின் விற்பனையாளர் ஆண்ட்ரூ மக்காசுலாந்து மேற்குப் பகுதியில் பயணம் செய்தபோது, ஒருவர் பயன்படுத்திய பிரௌனிங் ரைபிள் ஒன்றைக் கண்டார். அதன் அமைப்பு அவரைக் கவர்ந்தது. அதை விலைக்கு வாங்கித் தலைமையகத்துக்கு அனுப்பினார். அதைச் சோதித்த நிறுவனத்தார் அதன் மதிப்பை உடனே உணர்ந்தனர். 1883இல் நிறுவனத்தின் துணைத்தலைவர் டி. ஜி. பென்னட் தாமே தொடர்வண்டியில் ஆக்டனுக்கு வந்தார். அங்கே அவர் கண்டது பெரிய தொழிற்சாலை அன்று. சிறிய கட்டடமும் அதில் உழைத்த இளைஞர் சிலருமே. ஜான் 10,000 டாலர் கேட்டார். இறுதியில் 8,000 டாலருக்கு உரிமை கைமாறியது.

இவ்வடிவத்தை வின்செஸ்டர் நிறுவனம் 1885இல் ஒற்றைத் தோட்டா ரைபிளாக வெளியிட்டது. 1920 வரை ஏறத்தாழ 1,40,000 ரைபிள்கள் தயாரிக்கப்பட்டன. யானைக் கனத் தோட்டா முதல் சிறிய .22 தோட்டா வரை பல்வேறு அளவுகளில் அவை கிடைத்தன. இந்த ரைபிளின் .22 வகைகள் குறிசுடும் போட்டிகளிலும் படைவீரர் பயிற்சியிலும் பயன்பட்டன.

பழைய பொருளை வாங்குபவர் அதில் தேய்மானத்தை மட்டும் பார்க்கலாம். செய்தவரின் திறனையும் பார்க்கலாம். மக்காசுலாந்து இரண்டாவதைப் பார்த்தார். அந்த ரைபிள் அவர் கையில் சிக்காதிருந்தால், ஜான் ஆக்டனில் அறியப்படாத கைவினைஞராகவே நெடுங்காலம் இருந்திருக்கக் கூடும்.

விளிம்படித் தோட்டா

ஜானின் அடுத்த புகழ்பெற்ற படைப்பைப் புரிந்துகொள்ள, ரிம்ஃபயர் எனப்படும் விளிம்படித் தோட்டாவைப் பற்றி அறிவது தேவை.

இன்றைய தோட்டா ஓர் உலோகக் குப்பி. அதன் வாயில் ஈயக் குண்டும், உள்ளே வெடிமருந்தும் இருக்கும். மருந்தைப் பற்றவைக்க, தட்டினால் தீப்பொறி எழுப்பும் ஒரு கலவை தேவை. பெரிய தோட்டாக்களில் இக்கலவை அடிப்பகுதியின் நடுவே தனிக் கிண்ணத்தில் வைக்கப்படுகிறது. விளிம்படித் தோட்டாவில் குப்பியின் அடிவிளிம்பு உள்ளீடற்ற மடிப்பாக இருக்கும். கலவை அம்மடிப்புக்குள்ளேயே பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றிக்கொள்ளும். விளிம்பு நசுங்கிவிடுவதால் குப்பியை மீண்டும் நிரப்ப முடியாது. ஆனால் செய்வதற்கு எளிது, விலையும் குறைவு.

பிரான்சு நாட்டின் லூயி புளோபேர் 1845இல் இவ்வகைத் தோட்டாவின் முன்னோடியைச் செய்தார். அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனம் 1857இல் .22 ஷார்ட் தோட்டாவை வெளியிட்டது. 1887இல் வந்த .22 லாங் ரைபிள் தோட்டா இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஓசையும் பின்னுதைப்பும் குறைவாக இருப்பதால் தொடக்கநிலைப் பயிற்சிக்கு இதுவே ஏற்றதாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் தேசிய மாணவர் படையில் சேரும் மாணவர்கள் 25 கஜத் தொலைவில் குறி பார்த்துச் சுடக் கற்பதும் .22 ரைபிளில்தான். சென்னைக் கல்லூரிகளில் என்.சி.சி. பயிற்சி பெற்ற பலருக்கு வாழ்நாளில் கையில் எடுத்த ஒரே ரைபிள் அதுவாகவே இருக்கும்.

1890 மாதிரி ரைபிள்

1880களின் பிற்பகுதியில் வின்செஸ்டர் நிறுவனத்திடம் நன்கு இயங்கும் .22 தொடர் ரைபிள் ஒன்று இல்லை. ஜானும் மாத்யூவும் அதற்கான வடிவத்துக்கு 1888 சூன் மாதம் காப்புரிமம் பெற்றனர். குழலின் கீழுள்ள மரப்பிடியை இடக்கையால் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் குப்பி வெளியேறும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். வரைபடத்தைப் பார்த்த நிறுவனப் பொறியாளர்கள் இது இயங்காது என்று தெரிவித்ததாகவும், ஜான் பதில் வாதம் செய்யாமல் இயங்கும் மாதிரி ஒன்றையே செய்து அனுப்பியதாகவும் கூறுவர்.

1890இல் வெளிவந்த இந்த ரைபிள் பெரும் வெற்றி பெற்றது. 1932 வரை ஏறத்தாழ 8,49,000 ரைபிள்கள் விற்பனையாயின. திருவிழாக்களிலும் கடற்கரைகளிலும் காசு கொடுத்துக் குறி சுடும் அரங்குகளில் இதுவே வழக்கமான ரைபிள் ஆயிற்று. அத்தகைய அரங்குகளில் ஒரே ரைபிள் ஒரு நாளில் எண்ணற்ற முறை சுடப்படும். அதைத் தாங்கி நின்றதே இதன் தரத்துக்குச் சான்று. இதன் எளிய வடிவமான 1906 மாதிரி பின்னர் குறைந்த விலையில் விற்கப்பட்டது. அதில் ஷார்ட், லாங், லாங் ரைபிள் ஆகிய மூன்று .22 தோட்டாக்களையும் கலந்து பயன்படுத்தும் வசதி 1908 முதல் வந்தது.

இவற்றைத் தவிர, சிறுவர்களுக்கான மலிவான ஒற்றைத் தோட்டா .22 ரைபிள் ஒன்றையும் ஜான் வடிவமைத்தார். 1900 மாதிரி எனப்பட்ட அதிலிருந்து 1902, 1904 மாதிரிகள் உருவாயின.

வின்செஸ்டருடன் உறவும் முறிவும்

1887 முதல் 1889 வரை ஜான் தம் சமயப் பணிக்காக ஜார்ஜியா மாநிலத்தில் தங்கினார். அவ்விரு ஆண்டுகள் நீங்கலாக, வின்செஸ்டர் நிறுவனத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து வடிவங்களை அளித்தார். அவற்றுள் 1886, 1892, 1894, 1895 ஆண்டுகளின் நெம்புகோல் ரைபிள்களும், 1897ஆம் ஆண்டின் சிதறுகுண்டுத் துப்பாக்கியும் புகழ் பெற்றவை. 1894 மாதிரி மட்டும் பிற்காலத்தில் எழுபது இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது.

வின்செஸ்டர் வாங்கிய 44 வடிவங்களில் பத்து அளவே தயாரிப்புக்கு வந்தன. எஞ்சியவை போட்டி நிறுவனங்களின் கைக்குச் செல்லக்கூடாது என்பதற்காகவே வாங்கி வைக்கப்பட்டன. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு முறை மட்டும் தொகை தருவது நிறுவனத்தின் வழக்கம். தானாகவே தோட்டா ஏற்றும் சிதறுகுண்டுத் துப்பாக்கியை வடிவமைத்தபோது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகை வேண்டும் என்று ஜான் கேட்டார். பென்னட் மறுத்தார். 1902இல் உறவு முறிந்தது.

ஜான் அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். 1902 சனவரி 8 அன்று அதன் தலைவர் மார்செலசு ஆர்ட்லியைக் காணக் காத்திருந்தபோது, ஆர்ட்லி மாரடைப்பால் இறந்த செய்தி வந்தது. இதனால் ஜான் கப்பலேறி பெல்ஜியம் சென்றார்.

பெல்ஜியத்தில்

பெல்ஜியத்தின் லீஜ் நகரை அடுத்த எர்ஸ்டலில் 1889இல் தொடங்கப்பட்ட ஃபாப்ரிக் நாசியோனால் நிறுவனம் சுருக்கமாக எஃப்.என். எனப்படும். ஜான் வடிவமைத்த கைத்துப்பாக்கியை அது முன்பே தயாரித்து வந்தது. இப்போது சிதறுகுண்டுத் துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் பிரௌனிங் என்ற சொல்லே தானியங்கிக் கைத்துப்பாக்கியைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மாறும் அளவுக்கு விற்பனை பெருகியது. 1914 சனவரியில் பத்து இலட்சமாவது பிரௌனிங் கைத்துப்பாக்கி தயாரானதை நிறுவனம் கொண்டாடியது. பெல்ஜிய அரசர் ஜானுக்கு லியோபோல்டு விருது அளித்துச் சிறப்பித்தார்.

அதே 1914இல் இவருடைய .22 தானியங்கி ரைபிளை எஃப்.என். வெளியிட்டது. தோட்டாக்கள் கட்டையின் உள்ளே ஒரு குழாயில் அமையும். வெற்றுக் குப்பிகள் கீழ்நோக்கி விழும். ஆதலால் வலக்கையரும் இடக்கையரும் ஒருங்கே பயன்படுத்தலாம். கருவி ஏதுமின்றி இரு துண்டுகளாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். ரெமிங்டன் நிறுவனமும் 1922 முதல் இதைத் தயாரித்தது. பிற்காலத்தில் இதன் தயாரிப்பு சப்பானுக்கு மாறியது. இவருடைய மற்றொரு .22 ரைபிள் டிராம்போன் என்ற பெயரில் 1922 முதல் எர்ஸ்டலில் தயாரிக்கப்பட்டது. இழுத்துத் தள்ளும் அமைப்பு அந்த இசைக்கருவியை ஒத்திருந்ததால் இப்பெயர் வந்தது.

படைக்கலங்கள்

1889இல் நடந்த குறிசுடும் போட்டி ஒன்றில், துப்பாக்கி முனையிலிருந்து வெளிப்பட்ட காற்றால் எதிரேயிருந்த புற்கள் சாய்வதை ஜான் கண்டார். வீணாகும் அவ்விசையைக் கொண்டே துப்பாக்கியை இயக்கலாம் என்று எண்ணினார். இதிலிருந்து 1895 மாதிரி கோல்ட் இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. 1911 மார்ச்சு 29 அன்று அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .45 கைத்துப்பாக்கியும் இவர் வடிவமே. தேர்வில் அது 6,000 தோட்டாக்களைத் தடையின்றிச் சுட்டது.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, இவருடைய நீர்குளிர் இயந்திரத் துப்பாக்கியும் தானியங்கி ரைபிளும் படைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றின் உரிமைக்கு அரசு அளித்த தொகை 7,50,000 டாலர். வழக்கமான உரிமைத்தொகை இதைவிடப் பலமடங்கு வந்திருக்கும். ஆயினும் ஜான் அத்தொகையை மறுப்பின்றி ஏற்றார்.

சரயேவோவும் மணியாச்சியும்

1914 சூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆத்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்சு பெர்டினாண்டையும் அவர் மனைவியையும் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றார். முதல் உலகப் போருக்கு உடனடிக் காரணமான இச்செயலில் பயன்பட்டது எஃப்.என். தயாரித்த பிரௌனிங் 1910 மாதிரி கைத்துப்பாக்கி ஆகும்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1911 சூன் 17 அன்று, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் ஆஷ் கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில், மணியாச்சி சந்திப்பில் தொடர்வண்டிப் பெட்டியில் அமர்ந்திருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றபின், தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. இதைத் தொடர்ந்து நடந்த சதி வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்தது. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்டோர் தண்டிக்கப்பட்டனர்.

1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமமின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க இயலாத காலம் அது. வெளிநாட்டிலிருந்து மறைவாகக் கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கிகளையே புரட்சியாளர்கள் நம்பியிருந்தனர். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவும், பிழையின்றி இயங்கும் தன்மையும் ஜானின் கைத்துப்பாக்கியை விற்பனையில் முன்நிறுத்தின. அவ்வியல்புகளே அதனை இத்தகைய செயல்களுக்கும் உரியதாக்கின. ஆக்டன் பட்டறையில் தொடங்கிய ஒருவரின் கைத்திறன், அவர் அறிந்திராத ஊர்களில் அறிந்திராத மனிதர்களின் வாழ்வையும் சாவையும் தீர்மானித்தது.

இறுதிக் காலம்

தொழிலின் வணிகப் பக்கத்தைக் கவனித்து வந்த மாத்யூ 1923இல் காலமானார். ஜான் தொடர்ந்து உழைத்தார். ஆக்டனுக்கும் லீஜுக்கும் இடையே பலமுறை பயணம் செய்தார். 1926இல் இவர் பெல்ஜியத்துக்கு மேற்கொண்டது 61ஆவது பயணம் என்பர். அவ்வாண்டு நவம்பர் 26 அன்று, எஃப்.என். ஆலையில் மகன் வால் பிரௌனிங்கின் வடிவமைப்புக் கூடத்தில் வேலை செய்து கொண்டிருந்தபோது இதயச் செயலிழப்பால் உயிர் நீத்தார். உடல் ஆக்டனுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

இவர் முடிக்காமல் விட்ட இரட்டைக்குழல் சிதறுகுண்டுத் துப்பாக்கியை வால் நிறைவு செய்தார். தொடங்கி வைத்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியை எஃப்.என். வடிவமைப்பாளர் தியுதொன்னே சேவ் செம்மைப்படுத்தி, அது 1935இல் வெளிவந்தது. ஆக்டன் தொடர்வண்டி நிலையக் கட்டடத்தில் இவர் பெயரில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது.

பழைய ரைபிள்களின் சந்தை

அமெரிக்காவில் வார இறுதிகளில் பெரிய அரங்குகளில் நடைபெறும் துப்பாக்கிச் சந்தைகளில், மேசை வாடகைக்கு எடுத்தவர்கள் தங்களிடமுள்ளவற்றைப் பரப்பி வைப்பர். பணத்துக்கு விற்பதும், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வதும் உண்டு. அங்கே ஜானின் பழைய .22 ரைபிள்களை நாடுவோர் சில கூறுகளைக் கவனிப்பர்.

முதலாவது குழலின் உட்புறம். பழைய தோட்டாக்களின் தீக்கலவை சுட்டபின் உப்புப் படிவை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். 1920களின் பிற்பகுதியில்தான் அரிக்காத கலவை பரவலாயிற்று. எனவே வெளியே பளபளக்கும் ரைபிளின் குழலும் உள்ளே குழிகள் நிறைந்திருக்கலாம். இரண்டாவது தோட்டா வகை. 1890 மாதிரியில் ஒவ்வொரு ரைபிளும் ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டுமே உரியது. குழல் மீதுள்ள பொறிப்பைப் படிக்காமல் வாங்கினால், கடையில் எளிதில் கிடைக்காத தோட்டாவைத் தேடி அலைய நேரும். பொருந்தாத தோட்டாவை இட்டுச் சுட்டால் குப்பி பிளக்கவும் கூடும். மூன்றாவது, தோட்டா அறையின் விளிம்பு. தோட்டா இன்றி வெறுமனே விசையை இழுக்கும் பழக்கம் சில பழைய ரைபிள்களில் ஊசியை விளிம்பில் மோதச் செய்து வடுவை உண்டாக்கியிருக்கும். நான்காவது, மீண்டும் மெருகேற்றப்பட்டதா என்பது. தேய்ந்த பழைய மெருகு சேகரிப்போர்க்கு உயர்ந்தது. புதிதாகப் பூசியது மதிப்பைக் குறைக்கும்.

1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் .22 ரைபிள்களுக்குத் தொடர் எண் கட்டாயமில்லை. ஆகவே 1900 மாதிரி போன்ற மலிவான ரைபிள்களின் ஆண்டை எண்ணைக் கொண்டு அறிய முடியாது. 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவை கூட்டரசுச் சட்டத்தில் தொல்பொருளாகக் கருதப்படுகின்றன. உரிமம் பெற்ற வணிகர் சந்தையில் விற்றாலும், 1998 நவம்பர் முதல் வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பது கட்டாயம். தனியாள் மற்றொரு தனியாளுக்கு விற்பதில் கூட்டரசுச் சட்டம் இச்சோதனையை வலியுறுத்துவதில்லை. சில மாநிலங்கள் வலியுறுத்துகின்றன. இவ்வேறுபாடு அந்நாட்டில் நீண்டகால விவாதப் பொருளாக உள்ளது.

இந்தியாவிலும் சென்னையிலும்

இந்தியாவில் இத்தகைய சந்தைகள் இல்லை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி வாங்குபவர், விற்பவர் இருவரும் தகுதி உடையவராக இருத்தல் வேண்டும். சென்னை மாநகரில் உரிமம் வழங்கும் அதிகாரம் காவல் ஆணையரிடம் உள்ளது. மயிலாப்பூரில் உரிமம் பெற்ற ஒருவர் தம்மிடமுள்ள பழைய .22 ரைபிளை அடையாற்றில் உரிமம் பெற்ற மற்றொருவருக்கு விற்க விரும்பினால், தம் எண்ணத்தை எழுத்து மூலம் அதிகாரிக்குத் தெரிவித்து, 45 நாட்களுக்குக் குறையாமல் காத்திருந்த பின்னரே கொடுக்க முடியும். உரிமையாளர் இறந்துவிட்டால், உரிமம் இல்லாத குடும்பத்தினர் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. குறிசுடும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதிகள் உள்ளன.

1980களின் நடுப்பகுதி முதல் தனியார் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இதனால் அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரைபிள்கள் உரிமம் பெற்றோரிடையே கைமாறியே புழங்குகின்றன. அவற்றின் விலை பிறந்த நாட்டு விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்கிறது. கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுந்த சென்னையில் எண்ணெயிட்டுப் பேணாத குழல் விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே இங்கும் பழைய ரைபிளின் மதிப்பு அதன் பெயரை மட்டும் பொறுத்ததன்று. முந்தைய கைகள் அதனை எவ்வாறு பேணின என்பதையும் பொறுத்தது.

மதிப்பீடு

ஜான் பிரௌனிங்கை வியப்போரும், அவர் படைப்புகளால் விளைந்த உயிரிழப்பை எண்ணி வருந்துவோரும் உள்ளனர். இரண்டிற்கும் காரணம் ஒன்றே. நீண்டகாலம் பழுதின்றி இயங்கும் கருவியைச் செய்வது அவரது நோக்கமாக இருந்தது. அத்தகைய கருவி தன்னைச் செய்தவரைவிடவும் முதலில் வாங்கியவரைவிடவும் நெடுநாள் வாழ்கிறது. அடுத்து யார் கைக்குச் செல்லும் என்பதைச் செய்தவர் தீர்மானிக்க முடிவதில்லை. விற்பவரும் வாங்குபவரும் இடையில் நிற்கும் சட்டமுமே அதைத் தீர்மானிக்கின்றனர். 1883இல் கைமாறிய ஒரு பழைய ரைபிள் அவருக்குப் பெருவாழ்வு தந்தது. 1911இல் பலர் கைமாறி மணியாச்சியை அடைந்த ஒரு கைத்துப்பாக்கி இரு உயிர்களைக் கொண்டது. துப்பாக்கி கைமாறும் நேரத்தில் நாடுகள் விதிக்கும் கட்டுப்பாடுகள் எவ்வளவு இருக்கவேண்டும் என்ற கேள்வி அவர் காலத்தைப் போலவே இன்றும் விவாதத்தில் உள்ளது.